ஒற்றைத் தலைவலிக்குத் தடுப்பு மருந்து: எவ்வளவு கேட்கும், எங்கே கைவிடும்

ஒற்றைத் தலைவலிக்கான மருந்துகளில் இரண்டு வகை உண்டு. வலி கிளம்பியதும் அதை அடக்கப் போடுவது ஒன்று. பாராசிட்டமால், இப்யூப்ரோஃபென், சுமாட்ரிப்டான் எல்லாம் இதில் சேரும். வலி இல்லாத நாளிலும் விடாமல் எடுத்து, வரப்போகிற வலிகளின் எண்ணிக்கையையும் கடுமையையும் குறைக்கப் பார்ப்பது இன்னொன்று. இதுதான் தடுப்பு மருந்து. இதை ஆரம்பித்துவிட்டால் இனி வலியே வராது என்று நம்பி, இரண்டாவது வாரம் வலி வந்ததும் "இது கேட்கவில்லை" என்று நிறுத்திவிடுபவர்கள் நிறைய. மருந்து நிஜமாகவே கேட்கவில்லையா, இல்லை அதனிடம் கேட்கக் கூடாததைக் கேட்டோமா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

முதலில், இது யாருக்கு வேண்டும்? மாதத்தில் ஒன்றிரண்டு முறை வந்து, ஒரு மாத்திரையில் அடங்கிப்போகிற வலிக்குத் தினசரி மருந்து தேவையில்லை. மாதத்தில் 4 நாட்களோ அதற்கு மேலோ வலி வந்து அன்றாட வேலையைக் கெடுத்தால், அல்லது வலி மாத்திரைகள் சரியாகக் கேட்காவிட்டால், தடுப்பு மருந்தைப் பற்றிப் பேச்சு எழும். வலி மாத்திரையே தலைவலியைப் பெருக்கத் தொடங்குவதும் ஒரு காரணம். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, சுமாட்ரிப்டான் போன்ற டிரிப்டான் வகையை 10 நாட்களோ அதற்கு மேலோ, இப்படி மூன்று மாதங்களைத் தாண்டிப் போட்டுக்கொண்டே போனால் அதுவே தலைவலி நாட்களைக் கூட்டிவிடும். வலி வருகிறது, மாத்திரை போடுகிறோம், அதனாலேயே இன்னும் அடிக்கடி வலி வருகிறது. இந்தச் சுழலில் இருப்பவருக்குத் தடுப்பு மருந்து கொடுத்தாலும், வலி மாத்திரையையும் குறைக்காவிட்டால் முழுப் பலன் கிடைப்பது கடினம்.

"கேட்கிறது" என்றால் என்ன

ஆய்வுகளில் வெற்றி என்று எண்ணப்படுவது வலி அடியோடு நிற்பதை அல்ல. மாதத்தில் வலி வருகிற நாட்கள் பாதியாகக் குறைந்தாலே அது வெற்றிக் கணக்கில் சேரும். 8 நாள் 4 நாளாவது போல. மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ தலைவலியும், அதில் 8 நாட்களாவது ஒற்றைத் தலைவலியின் குணத்தோடும் இருந்தால் அது நாள்பட்ட நிலை. அப்படிப்பட்டவர்களுக்கு 30 சதவீதக் குறைவையே நல்ல பலனாக எடுத்துக்கொள்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ரொம்பத் தாழ்ந்த அளவுகோலாகத் தெரியலாம். மாதத்தில் 20 நாள் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தவருக்கு 6 நாள் திரும்பக் கிடைப்பது சாதாரண விஷயமில்லை.

இப்போது ஒரு உண்மையான ஆய்வின் எண்களைப் பார்ப்போம். எரெனுமாப் என்பது 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, மாதம் ஒருமுறை போடும் ஊசி. அதன் முக்கியமான ஆய்வொன்றில் சேர்ந்தவர்களுக்குச் சராசரியாக மாதத்தில் 8 நாட்களுக்குச் சற்று மேல் வலி இருந்தது. 140 மில்லிகிராம் ஊசி போட்டவர்களுக்கு அதில் 3.7 நாள் குறைந்தது. மருந்தே இல்லாத பிளாசிபோ ஊசி போட்டவர்களுக்கும் 1.8 நாள் குறைந்தது. ஆக, மருந்தினாலேயே வந்தது என்று சொல்லக்கூடியது மாதத்துக்குச் சுமார் இரண்டு நாள்.

இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கு இரண்டே நாளா என்று தோன்றும். எனக்கும் முதலில் படித்தபோது அப்படித்தான் தோன்றியது. ஆனால் சராசரிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: யாருக்கு நிறையக் குறைந்தது, யாருக்கு ஒன்றுமே குறையவில்லை என்பதை அது மறைத்துவிடும். அதே ஆய்வில், வலி நாட்கள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தவர்கள் மருந்துக் குழுவில் 50 சதவீதம், பிளாசிபோ குழுவில் 26.6 சதவீதம். அதாவது இரண்டு பேரில் ஒருவருக்கு நல்ல பலன். மற்றவருக்குக் கொஞ்சம் பலன், அல்லது ஒன்றுமே இல்லை. எல்லாருக்கும் ஒரே மாதிரி இரண்டு நாள் குறைந்தது என்று இதைப் படிக்கக் கூடாது.

சரி, பிளாசிபோ போட்டவர்களுக்கு ஏன் குறைந்தது? நம்பிக்கையின் பலன் ஒரு பங்கு. ஒற்றைத் தலைவலி ஆய்வுகளில் அது பெரிதாகவே தெரிகிறது, ஊசி என்றால் இன்னும் கூடுதலாக. இன்னொரு பங்கு வெறும் கால ஓட்டம். இந்த வலி சில மாதம் ஏறும், சில மாதம் தானாகவே இறங்கும். மனிதர்கள் மருத்துவரைத் தேடுவதும் ஆய்வில் பெயர் கொடுப்பதும் ஏறியிருக்கிற மாதத்தில்தான். அதற்கப்புறம் எதைச் சாப்பிட்டாலும், எதையும் சாப்பிடாவிட்டாலும், கொஞ்சம் இறங்கத்தான் போகிறது. "அதைச் சாப்பிட்டேன், ஒரே மாதத்தில் குணமானேன்" என்று யாராவது சொன்னால், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாதவரை அந்தப் பேச்சை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாததற்குக் காரணம் இதுவே.

இதற்குக் கண் திறக்கிற உதாரணம் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு. 8 முதல் 17 வயதுவரையுள்ளவர்களுக்கு அமிட்ரிப்டிலின், டோபிராமேட், பிளாசிபோ என்று மூன்றாகப் பிரித்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017-இல் வெளியானது. தலைவலி நாட்கள் பாதியாகக் குறைந்தவர்கள் முறையே 52, 55, 61 சதவீதம். பிளாசிபோதான் முதலிடம்! தொடர்ந்து நடத்தினாலும் மருந்து வெல்ல வழியில்லை என்று ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். பக்க விளைவுகள் மட்டும் மருந்து எடுத்த பிள்ளைகளுக்கே அதிகம். இந்த இரண்டும் பெரியவர்களுக்குப் பல ஆண்டுகளாகக் கொடுத்துவரும் மருந்துகள் என்பதை நினைத்துப் பார்த்தால், பெரியவர்களுக்குக் கேட்பதைச் சின்ன டோஸில் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் போதும் என்ற எண்ணம் எவ்வளவு பலவீனமானது என்று புரியும்.

இரவல் மருந்துகள்

2018-க்கு முன் வந்த தடுப்பு மருந்துகளில் ஏறக்குறைய எல்லாமே வேறு நோய்க்காக வந்தவை. ப்ரோப்ரனோலால் இதயத்துக்கானது. 1960-களில் நெஞ்சுவலிக்காக அதைச் சாப்பிட்ட ஒரு நோயாளிக்கு ஒற்றைத் தலைவலியும் குறைந்ததைக் கவனித்ததிலிருந்து தொடங்கியது அதன் இந்த இரண்டாவது வாழ்க்கை. அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கான பழைய மருந்து. டோபிராமேட்டும் வால்ப்ரோயேட்டும் வலிப்பு நோய்க்கானவை. கேண்டசார்டன் ரத்த அழுத்த மாத்திரை. 2003-இல் நார்வேயில் நடந்த ஆய்வு ஒன்று 16 மில்லிகிராம் அளவில் அது ஒற்றைத் தலைவலியைக் குறைப்பதைக் காட்டியது. விளம்பரமில்லாத, மலிவான, பொதுவாக உடம்பு நன்றாகத் தாங்குகிற மருந்து. என்னைக் கேட்டால், கிடைக்க வேண்டிய கவனம் அதற்கு இன்னும் கிடைக்கவில்லை.

இரவல் என்பதில் ஒரு வசதி இருக்கிறது. இந்த மருந்துகளைப் பல பத்தாண்டுகளாகக் கோடிக்கணக்கானவர்கள் சாப்பிட்டிருக்கிறார்கள், என்ன செய்யும் என்பது தெரியும், விலையும் குறைவு. ஒருவருக்கு இருக்கும் இன்னொரு பிரச்சினையையும் சேர்த்துக் கவனிக்கலாம். ரத்த அழுத்தம் கூட உள்ளவருக்குக் கேண்டசார்டன் அல்லது ப்ரோப்ரனோலால், தூக்கம் வராதவருக்கு இரவில் அமிட்ரிப்டிலின் என்று மருத்துவர் பொருத்திப் பார்ப்பது இப்படித்தான்.

சிக்கலும் அங்கேயே இருக்கிறது. வேறு வேலைக்காக உண்டான மருந்து அந்த வேலையையும் சேர்த்தே செய்யும். ப்ரோப்ரனோலால் நாடித் துடிப்பைக் குறைக்கும், சோர்வு தரும்; ஆஸ்துமா உள்ளவர் தொடவே கூடாது. அமிட்ரிப்டிலின் வாயை உலர்த்தும், காலையிலும் தூக்கக் கலக்கம் விடாது, எடை கூடும். பல நாடுகளில் பரவலாகக் கொடுக்கப்படும் ஃப்ளூனரிசினும் எடையையும் தூக்கத்தையும் கூட்டும். அதோடு மனச்சோர்வைக் கொண்டுவரலாம். வயதானவர்களுக்கு, முக்கியமாக நீண்ட நாள் எடுத்தால், பார்கின்சன் நோயில் காண்பது போன்ற நடுக்கமும் இறுக்கமும் வரக்கூடும்.

டோபிராமேட் ஒரு தனி ரகம். ஆய்வுகளில் பலன் உறுதியாகத் தெரிந்த மருந்து, எடையைக் கூட்டாது, குறைக்கவே செய்யும். ஆனால் விரல் நுனிகளில் ஊசி குத்துவது போன்ற கூச்சம், சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு, இவற்றோடு பேச்சின் நடுவே தெரிந்த சொல்லே நாக்குக்கு வராமல் தடுமாறுவது என்று ஒரு தொல்லையும் உண்டு. வகுப்பெடுப்பவர், வழக்காடுபவர், எழுதுபவர் போன்றவர்களுக்குத் தலைவலியைவிட இதுவே பெரிய இழப்பாகப் படலாம். இப்படி ஒன்று வரலாம் என்று முன்கூட்டியே சொல்லாமல் இந்த மாத்திரையை எழுதித் தருவது நியாயமில்லை என்பது என் கருத்து.

கர்ப்ப விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒற்றைத் தலைவலி ஆண்களைவிடப் பெண்களுக்குச் சுமார் மூன்று மடங்கு அதிகம், அதுவும் குழந்தை பெறும் வயதில்தான் உச்சத்தில் இருக்கும். வால்ப்ரோயேட் எடுத்துக்கொண்டே கருத்தரித்தால் சுமார் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வருகிறது. 30 முதல் 40 சதவீதம் குழந்தைகளுக்கு வளர்ச்சியிலும் கற்றலிலும் பிரச்சினை வரலாம். அதனால் கருத்தரிக்கக்கூடியவர்களுக்குத் தலைவலிக்காக வால்ப்ரோயேட் கொடுப்பதில்லை. டோபிராமேட்டும் கருவைப் பாதிக்கும், கேண்டசார்டனும் கர்ப்பத்தில் ஆகாது. நோய் யாரை அதிகம் தாக்குகிறதோ அவர்களுக்கே மருந்துப் பட்டியல் குறுகிப்போவது இந்தத் துறையின் பெரிய குறை.

இவ்வளவும் சேர்ந்து என்ன ஆகிறது? அமெரிக்காவில் நாள்பட்ட ஒற்றைத் தலைவலி உள்ளவர்களின் காப்பீட்டுப் பதிவுகளை அலசியபோது, மாத்திரை ஆரம்பித்தவர்களில் ஆறு மாதத்துக்குப் பின் ஒழுங்காகத் தொடர்ந்தவர்கள் 26 முதல் 29 சதவீதம்தான். ஒரு வருடத்தில் அது 17 முதல் 20 சதவீதமாக இறங்கிவிட்டது. அலமாரியில் இருக்கும் மாத்திரை எந்தத் தலைவலியையும் தடுக்காது. ஒரு மருந்து எவ்வளவு கேட்கும் என்று கேட்கும்போதே, அதை எத்தனை பேரால் தொடர்ந்து சாப்பிட முடிகிறது என்றும் கேட்டாக வேண்டும்.

ஒற்றைத் தலைவலிக்கென்றே பிறந்தவை

வலி வரும்போது முகத்துக்கும் மூளை உறைக்கும் போகிற நரம்புகளிலிருந்து சிஜிஆர்பி என்ற சிறிய புரதத் துணுக்கு வெளியாகிறது. அது ரத்தக் குழாய்களை விரிக்கும், வலிச் செய்தியையும் பெருக்கும். ஒற்றைத் தலைவலி வந்திருக்கும் நேரத்தில் கழுத்து நாள ரத்தத்தில் இது கூடியிருப்பதை பீட்டர் கோட்ஸ்பியும் லார்ஸ் எட்வின்சனும் 1990-இல் காட்டினார்கள். இந்தத் துறையில் செய்த பணிக்காக அவர்கள் இருவருக்கும், மைக்கேல் மாஸ்கோவிட்ஸ், யெஸ் ஓலெசன் ஆகியோருக்கும் 2021-இல் மூளை ஆராய்ச்சிக்கான பிரெய்ன் பரிசு கிடைத்தது. கண்டுபிடிப்புக்கும் மருந்துக்கும் இடையே ஏறக்குறைய முப்பது வருடம். நடுவில் டெல்காஜெபன்ட் என்ற மாத்திரை நன்றாக வேலை செய்தும் கல்லீரலைப் பாதிக்கும் என்ற பயத்தால் கைவிடப்பட்டது.

எரெனுமாப் சிஜிஆர்பி போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பியை அடைக்கிறது. ஃப்ரெமனெசுமாப், கால்கனெசுமாப், எப்டினெசுமாப் ஆகியவை சிஜிஆர்பியையே பிடித்துக்கொள்கின்றன. எல்லாமே ஆன்டிபாடி (ஒரு இலக்கைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் புரதம்) வகை, மாதத்துக்கு ஒன்றோ மூன்று மாதத்துக்கு ஒன்றோ போடுவது. மாத்திரையாக அட்டோஜெபன்ட் தினமும், ரிமெஜெபன்ட் ஒருநாள் விட்டு ஒருநாள்.

இவை பழையவற்றைவிடப் பல மடங்கு சக்தி வாய்ந்தவை என்று நினைத்தால் ஏமாற்றம்தான். சராசரிப் பலன் மேலே பார்த்த அந்த இரண்டு நாளின் பக்கத்திலேயே நிற்கிறது. இவற்றின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. எரெனுமாபையும் டோபிராமேட்டையும் நேருக்கு நேர் மோதவிட்ட ஜெர்மன் ஆய்வில், பக்க விளைவு தாங்காமல் நிறுத்தியவர்கள் டோபிராமேட் குழுவில் 38.9 சதவீதம், எரெனுமாப் குழுவில் 10.6 சதவீதம். வலி பாதியானவர்கள் டோபிராமேட்டில் 31.2, எரெனுமாபில் 55.4 சதவீதம். இந்த இடைவெளியில் பெரும் பங்கு, ஒன்றைத் தொடர முடிந்தது மற்றதைத் தொடர முடியவில்லை என்பதால் வந்ததே.

குறைகளும் உண்டு. எரெனுமாப் மலச்சிக்கலைத் தரும், சிலருக்குக் கடுமையாகவே. ரத்த அழுத்தமும் கூடலாம். அட்டோஜெபன்டிலும் மலச்சிக்கலும் குமட்டலும் வருகின்றன. ரத்தக் குழாயை விரிப்பது சிஜிஆர்பியின் இயல்பான வேலைகளில் ஒன்று. இதயத்துக்கோ மூளைக்கோ ரத்தம் தடைப்படும் அவசரத்தில் அது நல்லது செய்யக்கூடும். அதனால் மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்களைப் பெரும்பாலான ஆய்வுகளில் சேர்க்கவில்லை, அவர்களுக்குக் கொடுக்க மருத்துவர்களும் தயங்குகிறார்கள். ஆன்டிபாடி உடலை விட்டுப் போகப் பல மாதம் ஆகும் என்பதால், குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் முன்கூட்டியே நிறுத்த வேண்டியிருக்கிறது. விலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அமெரிக்கத் தலைவலிச் சங்கம் 2024-இல், மற்ற மருந்துகள் தோற்ற பிறகுதான் இவை என்றில்லை, முதல் மருந்தாகவும் கொடுக்கலாம் என்று நிலைப்பாடு எடுத்தது. ஆனாலும் பல இடங்களில் இரண்டு மூன்று பழைய மாத்திரைகள் கேட்கவில்லை என்று காட்டினால்தான் காப்பீடு இதற்குச் சம்மதிக்கிறது.

பொட்டுலினம் ஊசியையும் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. முகச் சுருக்கத்துக்குப் போடும் அதே மருந்துதான். நெற்றி, பொட்டு, பின்மண்டை, கழுத்து, தோள் என்று 31 இடங்களில் மொத்தம் 155 யூனிட், 12 வாரத்துக்கு ஒருமுறை. நாள்பட்ட நிலைக்கு மட்டுமே இதில் பலன்; மாதத்தில் சில நாள் மட்டும் வலி வருபவர்களிடம் ஆய்வுகளில் இது தேறவில்லை. கழுத்து வலியும், சிலருக்குத் தற்காலிகமாக இமை இறங்குவதும் பக்க விளைவுகள்.

மருந்து தோற்றதா, முயற்சி தோற்றதா

தடுப்பு மாத்திரைகளைக் குறைந்த டோஸில் ஆரம்பித்து மெதுவாக ஏற்றுவார்கள், பக்க விளைவைத் தாங்கப் பழகட்டும் என்று. ஏற வேண்டிய அளவுக்கு ஏறிய பிறகு எட்டு வாரமாவது பார்க்க வேண்டும். ஆன்டிபாடி ஊசிக்கு மூன்று மாதம், பொட்டுலினத்துக்கு இரண்டு சுற்று, அதாவது ஆறு மாதம். ஆரம்ப டோஸிலேயே மூன்று வாரம் சாப்பிட்டுவிட்டு நிறுத்தியதைத் தோல்விப் பட்டியலில் எழுதினால், ஒருவேளை நன்றாகக் கேட்டிருக்கக்கூடிய ஒரு மருந்தை வீணாக இழக்கிறோம். நேர்மாறாக, எந்தப் பலனும் இல்லாமல் இரண்டு வருடமாக ஒரே மாத்திரையை விழுங்கிக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்வரை யாரும் கேட்பதில்லை, போனால் சீட்டு அப்படியே புதுப்பிக்கப்படுகிறது.

இந்த இரண்டு தவறுக்கும் ஒரே பாதுகாப்பு தலைவலிக் குறிப்பேடு. எந்த நாள் வலித்தது, எவ்வளவு வலித்தது, என்ன மாத்திரை போட்டோம் என்ற மூன்று விவரம் போதும். போனிலோ நாள்காட்டியிலோ குறிக்கலாம். மருந்து ஆரம்பிப்பதற்கு முந்தைய ஒரு மாதத்தையும் சேர்த்துக் குறித்தால்தான் ஒப்பிட முடியும். ஞாபகத்தை நம்ப முடியாது, போன வாரம் வந்த வலி போன மாதம் முழுவதையும் மூடிவிடும்.

எந்த மருந்து யாருக்குக் கேட்கும் என்று முன்கூட்டியே சொல்லும் பரிசோதனை மட்டும் இன்றுவரை இல்லை. ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதைச் சொல்லாது. ஒன்றைக் கொடுத்துப் பார்த்து, இல்லையென்றால் அடுத்தது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று மாதம் என்றால், மூன்று மருந்து பார்ப்பதற்குள் ஒரு வருடம் ஓடிவிடும். நோயாளிக்கு அது எவ்வளவு நீளமான வருடம் என்பதை மருந்துச் சீட்டு காட்டாது.

மாத்திரை இல்லாத வழிகளில் உடற்பயிற்சிக்குக் கொஞ்சம் சான்று இருக்கிறது. வாரத்துக்கு மூன்று முறை, 40 நிமிடம் என்று உடற்பயிற்சி செய்தவர்களை டோபிராமேட் எடுத்தவர்களோடும் தளர்வுப் பயிற்சி செய்தவர்களோடும் ஒப்பிட்ட சுவீடன் ஆய்வில், மூன்று குழுவுக்கும் பெரிய வித்தியாசமில்லை. 91 பேர் மட்டுமே பங்கெடுத்த சின்ன ஆய்வு என்பதால் இதை வைத்து மாத்திரையைத் தூக்கிப் போட முடியாது, ஆனால் அலட்சியப்படுத்தவும் தேவையில்லை. ரைபோஃபிளேவின் 400 மில்லிகிராம், மெக்னீசியம் ஆகியவற்றுக்கும் சுமாரான ஆதாரமே. ஒருகாலத்தில் பரிந்துரைத்த பட்டர்பர் என்ற மூலிகையைக் கல்லீரல் பாதிப்பு பயத்தால் இப்போது தவிர்க்கிறார்கள். இயற்கை என்பதால் ஆபத்தில்லை என்று அர்த்தமில்லை.

எப்போது நிறுத்துவது? நன்றாகக் கேட்டால் ஆறு மாதம் முதல் ஒரு வருடம்வரை தொடர்ந்துவிட்டு, குறைத்துப் பார்ப்பது வழக்கம். ப்ரோப்ரனோலாலைச் சட்டென்று நிறுத்தக் கூடாது, இதயத் துடிப்பு எகிறும். படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். டோபிராமேட்டை ஆறு மாதம் கொடுத்துப் பிறகு பாதிப் பேருக்கு ரகசியமாக பிளாசிபோவுக்கு மாற்றிப் பார்த்த ஆய்வில், நிறுத்தியவர்களுக்கு மாதத்துக்குச் சுமார் ஒரு நாள் வலி கூடியது, ஆனால் மருந்துக்கு முன்பிருந்த நிலைக்கு அவர்கள் உடனே திரும்பிவிடவில்லை. சிஜிஆர்பி ஊசிகளை நிறுத்தியவர்களில் பலருக்கோ மூன்று நான்கு மாதத்துக்குள் வலி பழையபடி ஏறிவிடுகிறது. அப்படி ஏறினால் மறுபடி ஆரம்பிப்பார்கள், பெரும்பாலும் மறுபடியும் கேட்கிறது.